இரவெல்லாம் சைக்கிள்: சர்க்கரை இருப்பதைக் குழுவிடம் சொல்ல வேண்டுமா?

சென்னையிலிருந்து 48 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வங்கி ஊழியர். ஆறு ஆண்டுகளாக இரண்டாம் வகைச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிப்பிரைடும் சேர்ந்த மாத்திரை காலையும் இரவும். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டன். கடைசியாகப் பார்த்த எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 7.2. வாரம் மூன்று நாள் காலையில் 25 கி.மீ. சைக்கிள் ஓட்டுகிறார், இதுவரை ஒரே மூச்சில் ஓட்டிய அதிகபட்சம் 60 கி.மீ. அவருடைய பகுதி சைக்கிள் குழுவில் 20 பேர், மாசிப் பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமை இரவு 9 மணிக்குத் திருவான்மியூரில் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக விடிந்ததும் புதுச்சேரி போய்ச் சேரப்போகிறார்கள். ஏறத்தாழ 150 கி.மீ. இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

பதிவுப் படிவத்தில் "நோய் ஏதாவது உண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதிவிட்டார். "சொன்னால் சேர்க்க மாட்டார்கள். சேர்த்தாலும் வழியெல்லாம் நோயாளியாகவே பார்ப்பார்கள்" என்பது அவர் பயம். மனைவி போகவே கூடாது என்கிறார். இதற்கு நடுவில் அவரே சில ஏற்பாடுகள் செய்துவைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் விடிய விடிய விழித்திருந்து பழகுகிறார். அன்றிரவு மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டை மட்டும் குறைத்து, வயிறு லேசாகக் கிளம்பலாம் என்றிருக்கிறார். நண்பர் சொன்னபடி கிளம்பும் முன் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை ஒன்று, வழியில் மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர். முந்தின நாளே புதுச்சேரியில் காரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, ஞாயிறு மதியம் மூன்று நண்பர்களோடு தானே ஓட்டித் திரும்புவதாகவும் திட்டம். "நான் போகலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

போகலாம். சர்க்கரை நோய் இருப்பவர் நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று எந்த மருத்துவ விதியும் இல்லை. உங்களைப் போன்றவர் வாரத்தில் மூன்று நாள் சைக்கிள் எடுப்பதைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கிற திட்டத்தோடு போகக் கூடாது. கால் வலிமையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் பெரிய கவலை இல்லை, 60 கி.மீ. ஓட்டுகிறவர் ஏழு வாரத்தில் 110 வரை பழகிவிடலாம். நான் கவலைப்படுவது அதிகாலை 2 மணியிலிருந்து 5 மணி வரையிலான மூன்று மணி நேரத்தைப் பற்றி.

நிறுத்தங்களோடு சேர்த்துப் போனால், நள்ளிரவு தாண்டி ஒரு மணி சுமாருக்குக் கல்பாக்கத்தைக் கடந்திருப்பீர்கள். அப்புறம் கூவத்தூர், ஓடியூர் ஏரி, கடப்பாக்கம், மரக்காணம் உப்பளங்கள். பகலில் அழகான சாலை. அந்த நேரத்தில் டீக்கடைகூட அபூர்வம். மனித உடலில் தூக்கம் மிக ஆழமாக அழுத்துகிற நேரமும் அதுதான். இரவு போட்ட கிளிமிப்பிரைட் அப்போதும் வேலை செய்துகொண்டிருக்கும். நான்கைந்து மணி நேரம் மிதித்த தசைகளும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டிருக்கும். ஆளில்லாத சாலை, தூக்கம், இறங்கும் சர்க்கரை மூன்றும் உங்களுக்கு ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. தயாரிப்பு முழுவதையும் இந்த மூன்று மணி நேரத்தை மனதில் வைத்துச் செய்யுங்கள்.

அந்தப் படிவத்தைத் திருத்துங்கள்

முதல் வேலை இதுதான். சர்க்கரை இறங்கும்போது என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்: வேர்க்கும், கை நடுங்கும், படபடக்கும், எரிச்சல் வரும், பேச்சு குழறும், எதையும் சரியாக யோசிக்க முடியாது. இரவெல்லாம் சைக்கிள் மிதித்தவருக்கும் வேர்க்கும், கை மரத்துப்போயிருக்கும், மூன்று மணிக்கு எல்லோருமே சிடுசிடுவென்றுதான் இருப்பார்கள். அதனால் உங்களுக்கே அது களைப்பா, லோ சுகரா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். சர்க்கரை நன்றாக இறங்கிவிட்டால் "எனக்கு ஒன்றுமில்லை, நீங்க போங்க" என்று சொல்லுகிற மூளைதான் மிஞ்சியிருக்கும். அந்த நேரத்தில் உங்கள் முகத்தைப் பார்த்து "சார், இறங்குங்க, முதல்ல சுகர் பாருங்க" என்று சொல்ல ஒருவர் வேண்டும். விஷயமே தெரியாதவர் எப்படிச் சொல்வார்?

20 பேருக்கும் ஒலிபெருக்கி வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒருங்கிணைப்பாளர், கடைசியில் வருகிற ஸ்வீப் ரைடர், உங்களோடு சேர்ந்து ஓட்டப்போகிற ஒருவர்: இந்த மூன்று பேர் போதும். என்ன மாத்திரை போடுகிறீர்கள், குளுக்கோஸ் எந்தப் பையில் இருக்கிறது, மனைவியின் எண் என்ன என்பதை ஒரு அட்டையில் எழுதி அவர்களிடம் கொடுங்கள். இன்னொரு பிரதி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும் என்ற வரியையும் அதில் எழுதிவிடுங்கள். நல்ல எண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றி அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடுகிற ஆபத்து உண்மையானது.

சேர்க்க மாட்டார்களோ என்ற பயத்துக்கு வருகிறேன். படிவத்தில் அந்தக் கேள்வி இருப்பதே, கவனமாக நடத்துகிற குழு என்பதற்கு அடையாளம். மருத்துவர் சான்றிதழ் கேட்பார்கள், அவ்வளவுதான். அது உங்களிடம் இருக்கவும் வேண்டும். 40 வயதைத் தாண்டி, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கிற ஒருவர் இதுவரை ஓட்டிய அதிகபட்சத்தைப்போல இரண்டரை மடங்கு தூரம் ஓட்டப்போகும் முன் இதயத்துக்கான டிரெட்மில் பரிசோதனை, விழித்திரைப் பரிசோதனை, பாதத்தில் உணர்வு எப்படி இருக்கிறது என்ற பரிசோதனை மூன்றையும் செய்துகொள்வது நல்லது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இதயக் கோளாறு நெஞ்சுவலியே இல்லாமல் வரலாம். பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் ஷூ கடித்துப் புண்ணானதுகூடத் தெரியாது. இவற்றில் ஏதாவது சரியில்லை என்று தெரிந்தால், இந்த ஆண்டு பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்ல நான் தயங்க மாட்டேன்.

உங்கள் மனைவி "போகாதே" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் பயப்படுவது சைக்கிளைப் பார்த்தா, நீங்கள் மறைப்பதைப் பார்த்தா? பரிசோதனைக்கு அவரையும் அழைத்துப் போங்கள். மருத்துவரிடம் அவர் நேரடியாகக் கேள்வி கேட்கட்டும்.

தூக்கத்துக்குப் பயிற்சி கிடையாது

வெள்ளிக்கிழமை விழிப்பை இந்த வாரமே நிறுத்திவிடுங்கள். மிதிக்க மிதிக்கக் கால் பலப்படும். விழிக்க விழிக்கத் தூக்கத்தின் தேவை குறையாது. நமக்குப் பழகிவிட்டது என்ற எண்ணம்தான் வரும், கவனம் குறைந்துகொண்டேதான் இருக்கும். போதாததற்குத் தூக்கம் கெட்ட மறுநாள் ரத்தச் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி. ஆல்கஹால் இருப்பவருடைய அளவுக்கு இறங்கிவிடுகின்றன என்று 1997-லேயே ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். நம் நாட்டில் மோட்டார் வாகனம் ஓட்டுகிறவருக்குச் சட்டம் அனுமதிப்பது 30 மி.கி. வரைதான். அந்தச் சனிக்கிழமை வங்கிக்கு வேலை நாள், வேலை முடித்துவிட்டு வந்து கிளம்புவேன் என்கிறீர்கள். காலை 6 மணிக்கு எழுந்தால் இரவு 11 மணிக்கு, மாமல்லபுரத்தை நெருங்கும்போதே, 17 மணி நேரம் ஆகிவிடும். மரக்காணம் பக்கம் போகும்போது 22 மணி நேரம்.

அதனால் அன்று விடுப்பு எடுங்கள். இதில் பேரம் வேண்டாம். அதற்கு முந்தைய மூன்று நான்கு இரவுகள் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குங்கள்; இப்படிச் சேர்த்துவைக்கிற தூக்கம் உண்மையிலேயே கைகொடுக்கும். சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் அறையை இருட்டாக்கிப் படுங்கள். தூக்கம் வராவிட்டாலும் கண்ணை மூடிக் கிடங்கள். காபியை மாலையிலேயே குடித்துத் தீர்க்காமல் இரவு ஒன்று, ஒன்றரை மணிக்கு வையுங்கள். அது வேலை செய்ய அரை மணி நேரம் பிடிக்கும். ஆகவே குடித்த கையோடு 20 நிமிடம் படுத்து எழுந்தால் தூக்கமும் காபியும் சேர்ந்து உதவும். அலாரம் மட்டும் இன்னொருவர் கையில் இருக்கட்டும்.

இதற்குப் பிறகும் தூக்கம் அழுத்தினால்? கடந்த இரண்டு கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்பது நினைவில் இல்லை என்றால், தலை ஒரு தடவை தொங்கி நிமிர்ந்தால், அப்போதே நிற்க வேண்டும். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு தொடர்வதெல்லாம் ஐந்து நிமிடத்துக்குத்தான். குழுவோடு வருகிற சப்போர்ட் வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். யாராவது ஒருவர் ஏறினால் தயங்கிக்கொண்டிருந்த இன்னும் இருவர் ஏறுவார்கள். அவர்கள் உங்களுக்கு மனதுக்குள் நன்றி சொல்வார்கள்.

மாத்திரை, சாப்பாடு, தண்ணீர்

மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைக் குறைப்பது, உங்கள் திட்டத்திலேயே மிக ஆபத்தான பகுதி. "எவ்வளவு ஓட்டுகிறேனோ அவ்வளவு சர்க்கரை குறையும், நல்லதுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். காலையில் ஓட்டுகிற 25 கி.மீ.க்கு அது சரி. பத்து மணி நேரத்துக்குச் சரியில்லை. மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை அபாய அளவுக்கு இறக்குவது அபூர்வம். கிளிமிப்பிரைட் அப்படியல்ல. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். இதுபோன்ற இரவுகளுக்கு முன் பெரும்பாலும் மருத்துவர்களாகிய நாங்கள் கிளிமிப்பிரைடைக் குறைப்போம், அல்லது அந்த ஒரு வேளை நிறுத்திவிடுவோம். உங்களுடையது இரண்டும் சேர்ந்த மாத்திரை என்பதால் அன்றைக்கு மட்டும் தனி மெட்ஃபார்மின் எழுதித்தர வேண்டியிருக்கும். அதை முடிவுசெய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர். என் பதிலை வைத்து நீங்களாக மாற்றிக்கொள்ளாதீர்கள். இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள்.

இரவு 7 மணிக்கு வழக்கமான அளவுக்கே சாப்பிடுங்கள். இட்லி, சாம்பார், கொஞ்சம் தயிர் சாதம், எது உங்களுக்கு ஒத்துப்போகுமோ அது. எண்ணெய்ப் பலகாரமும் பரோட்டாவும் வேண்டாம். ஓட்ட ஆரம்பித்த பிறகு, பசிக்காகக் காத்திருக்காமல் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் 20, 25 கிராம் இருக்கும். பழம், பேரீச்சை, கடலைமிட்டாய், சின்ன டப்பாவில் எலுமிச்சை சாதம் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கு இனிப்பைப் பார்த்தாலே குமட்டும். அப்போது உப்புக் காரம் கலந்த சாதம்தான் இறங்கும்.

குளுக்கோமீட்டர் கட்டாயம். கிளம்பும் முன், மாமல்லபுரத்தில், கடப்பாக்கத்தில், மரக்காணத்தில், போய்ச் சேர்ந்ததும் பாருங்கள். பழம் தொட்ட விரலில் குத்தினால் பொய்யாக ஏற்றிக் காட்டும், தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். கிளம்பும்போது 100-க்குக் கீழே இருந்தால் ஒரு பழம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். வழியில் 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூன் தூளைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் உட்கார்ந்து, மறுபடி பார்க்க வேண்டும். ஏறிய பிறகும் உடனே சைக்கிளில் ஏறாமல் ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். இரண்டாவது முறையும் இறங்கினால் அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் முடிவு எடுக்கிற நிலையில் இருக்க மாட்டீர்கள்.

டைக்ளோஃபினாக்கைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் நண்பருக்கு அது வெறும் வலி மாத்திரை. டெல்மிசார்ட்டன் சாப்பிடுகிற உங்களுக்கு, உடலில் நீர் வற்றிய நேரத்தில், அது சிறுநீரகத்துக்குப் போகிற ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். சிறுநீரகம் சட்டென்று பழுதாக இந்த மூன்றும் சேர்ந்தாலே போதும். ஐபுப்ரொஃபெனும் இதே கதைதான். வலி வரும் முன்பே மாத்திரை போடும் பழக்கத்தில் இன்னொரு கெடுதலும் உண்டு: முழங்கால் "நிறுத்து" என்று சொல்வது உங்களுக்குக் கேட்காது.

தண்ணீர் மணிக்கு ஒரு லிட்டர் என்பதும் அதிகம். மாசி இரவில் அவ்வளவு வேர்க்காது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். அதையும் களைப்பு என்றே நினைத்துக்கொள்வீர்கள். தாகத்துக்குக் குடியுங்கள். இரண்டு பாட்டிலில் ஒன்றில் ஓ.ஆர்.எஸ். கலந்துகொள்ளுங்கள், உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்ட தூள்தான் வேண்டும், அட்டைப்பெட்டியில் விற்கிற இனிப்புப் பானம் அல்ல.

நிலா வெளிச்சம் உங்களுக்கு. லாரி டிரைவருக்கு அல்ல

பௌர்ணமி என்பதால் சின்ன விளக்கே போதும் என்று குழுவில் பேச்சு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நிலவில் உங்களுக்குச் சாலை தெரியும். எதிரே ஹை பீம் அடித்து வருகிற வண்டியின் ஓட்டுநருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். முன்னால் நல்ல விளக்கு, கூடவே ஒரு உபரி. பின்னால் இரண்டு சிவப்பு விளக்கு, அவற்றை மின்னவைக்காமல் நிலையாக எரியவிடுங்கள், மின்னினால் பின்னால் வருகிற உங்கள் ஆட்களுக்கே கண் கூசும். ஒளிரும் மேல்சட்டையோடு கணுக்காலிலும் ஒளிரும் பட்டை கட்டுங்கள். கால் மேலும் கீழும் போவதைப் பார்த்ததும் ஓட்டுநரின் மூளை "மனுஷன்" என்று சட்டென்று புரிந்துகொள்ளும்.

எதிர் வெளிச்சம் கண்ணில் அடித்தால் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போவதைப் பகலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விளக்கில்லாமல் நிற்கும் லாரி, படுத்திருக்கும் மாடு, திடீர் வேகத்தடை எல்லாம் அந்தச் சாலையில் உண்டு. மாசி மகமும் அந்த நாட்களில்தான் வரும். மாமல்லபுரம் கடற்கரைக்கு இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து குடில் போட்டுத் தங்குவார்கள். புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் தீர்த்தவாரிக்குப் பெருங்கூட்டம் கூடும். சாலையோரம் இருட்டில் நடக்கிறவர்கள் இருப்பார்கள் என்று எதிர்பார்த்து ஓட்டுங்கள்.

விபத்து நேர்ந்தால் பணத்தை யோசித்துத் தாமதிக்க வேண்டாம். தமிழக எல்லைக்குள் நடக்கும் சாலை விபத்துகளுக்கு 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்திருக்கும் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. புதுச்சேரியை நெருங்கிவிட்டால் காலாப்பட்டில் பிம்ஸ், நகரத்தில் ஜிப்மர் மருத்துவமனைகள் இருக்கின்றன.

ஏழு வாரம்

வார இறுதி ஓட்டத்தை 70, 80, 95, 110 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். கடைசி பத்து நாள் பாதியாகக் குறைத்துவிடுங்கள். ஐந்தாவது வாரத்தில் ஒருநாள், உங்களோடு சேர்ந்து ஓட்டப்போகிறவரோடு இரவு 9 மணிக்குக் கிளம்பி மாமல்லபுரம் போய்த் திரும்புங்கள். அதுதான் உண்மையான ஒத்திகை. மாற்றிய மாத்திரை, அதே சாப்பாடு, அதே விளக்கு, அதே ஷார்ட்ஸ் எல்லாவற்றையும் அன்று பரிசோதித்துவிட வேண்டும். பஞ்சு வைத்த ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடக் கூடாது. தொடை இடுக்கில் தோல் உரிவது பாதி அதனால்தான், சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்தப் புண் ஆறவும் நாளாகும். புதுப் பொருள் எதையும் பயண நாளில் முதல் தடவையாகப் போடாதீர்கள்.

கடைசியாக அந்தக் கார். காரை அங்கே கொண்டுபோய் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்; சாவி கையில் இருந்தால் ஓட்டத் தோன்றும். ஞாயிறு மதியம் உங்கள் நான்கு பேரில் ஒருவருக்கும் ஓட்டுகிற தகுதி இருக்காது, நடுவில் இரண்டு மணி நேரம் தூங்கினாலும்கூட. சைக்கிள்களுக்கு ஒரு மினி லாரி, ஆட்களுக்கு வேன், முந்தின இரவு நன்றாகத் தூங்கிய ஓட்டுநர் என்று இப்போதே பேசி முடியுங்கள். அல்லது பஸ்ஸில் வாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. காலியான தசைகள் அடுத்த 24 மணி நேரமும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொண்டே இருக்கும். ஞாயிறு இரவு மாத்திரையின் அளவையும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். படுக்கும் முன் ஒரு முறை சுகர் பாருங்கள். 100-க்குக் கீழே என்றால் பாலும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். நீங்கள் அடித்துப்போட்டதுபோலத் தூங்குவீர்கள். அலாரம் வைத்தாலும் கேட்காது. இரவு 2 மணிக்கு உங்களைத் தொட்டுப் பார்த்து, வேர்த்திருந்தால் எழுப்பச் சொல்லி உங்கள் மனைவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.